அந்தி வானில் அது என்ன வெளிச்சம்?

2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கி, லடாக் எல்லையில் காவல் இருந்த இந்திய வீரர்களிடமிருந்து ஒரே மாதிரியான தகவல்கள் மேலிடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. சீனப் பக்கத்து மலைகளுக்கு மேலே மஞ்சள் நிறத்தில் ஓர் ஒளிக்கோளம் எழுகிறது, அவசரமில்லாமல் வானில் ஏறுகிறது, மணிக்கணக்கில் தெரிகிறது, பிறகு மறைந்துவிடுகிறது. மறுநாளும் வருகிறது.

எல்லையில் இப்படி ஒன்று தெரிந்தால் யாரும் சும்மா இருக்க முடியாது. பாங்காங் ஏரிக்கு அருகே ரேடாரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கண்ணுக்குத் தெரிந்த அந்தப் பொருள் ரேடாரில் விழவில்லை. சமிக்ஞை எதையாவது அனுப்புகிறதா என்று தனிக் கருவி வைத்துப் பார்த்தார்கள். எதுவும் வரவில்லை. ஆளில்லா விமானம் ஒன்றை அதை நோக்கிப் பறக்கவிட்டார்கள். எட்டக்கூடிய உச்ச உயரம் வரை அது போயும் அந்த ஒளியை நெருங்க முடியவில்லை. இவையெல்லாம் அந்த ஆண்டு நவம்பரிலேயே பத்திரிகைகளில் வெளிவந்த செய்திகள். சீனாவின் உளவு ட்ரோன்களாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது. 2013 பிப்ரவரிக்குள் வீரர்கள் 329 முறை அந்த ஒளிகளைக் கண்டதாகப் பதிவு செய்திருந்தார்கள். அவற்றில் 155 முறை அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததாகவும் குறிப்பு இருந்தது.

அந்த நாட்களின் பதற்றத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். அதே லடாக்கின் டெப்சாங் சமவெளியில் 2013 ஏப்ரலில் சீனப் படையினர் கூடாரம் அடித்தார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. வானில் தெரியும் ஒரு வெளிச்சத்தை எதிரியின் கருவி என்று முடிவு செய்துவிட்டால், அடுத்து என்ன நடக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாத நேரம் அது.

கடைசியில் ராணுவம் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தை அணுகியது. லடாக்கின் ஹான்லே கிராமத்தில் 4,500 மீட்டர் உயரத்தில் இரண்டு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை நடத்தும் நிறுவனம் அது. அதன் அறிவியலாளர்கள் தந்த விடையை 2013 ஜூலையில் கொல்கத்தாவின் ‘தி டெலிகிராஃப்’ நாளிதழ் வெளியிட்டது. மாலை ஆறு மணியளவில் அடிவானத்தில் எழுந்து விடியற்காலை ஐந்து மணி வரை தெரிந்த முதல் பொருள் வியாழன். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து முற்பகல் பதினொரு மணி வரை தெரிந்த இரண்டாவது பொருள் வெள்ளி.

வியாழன் 2012 டிசம்பர் தொடக்கத்தில் பூமிக்கு மிக அருகே வந்திருந்தது. ‘அருகே’ என்றால் சுமார் 61 கோடி கிலோமீட்டர். ரேடாரில் விழாததற்கும் ட்ரோன் எட்டாததற்கும் காரணம் இவ்வளவுதான். பகல் பதினொரு மணிக்கு ஒரு கோள் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நாலாயிரம் மீட்டருக்கு மேல் காற்று மெலிந்திருக்கிறது, தூசி குறைவு, பகல் வானமே கருநீலமாக இருக்கும். விடியலில் இருந்து கண்ணை எடுக்காமல் தொடர்ந்து வந்தால், அந்த நீலத்தில் வெள்ளியை வெறுங்கண்ணால் பிடித்துவைத்திருக்க முடியும்.

இந்தச் செய்தி வெளியானபோது உலகப் பத்திரிகைகள் பலவும் அதைக் கேலிக்குரிய துணுக்காகவே எடுத்துப் போட்டன. அது நியாயமில்லை. அந்த வீரர்கள் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். என்ன கண்டார்கள், எப்போது எழுந்தது, எப்போது மறைந்தது என்று ஆறு மாதம் எழுதிவைத்தார்கள். அந்தக் குறிப்புகள் இல்லாமல் இருந்தால் எந்த வானியலாளராலும் விடை சொல்லியிருக்க முடியாது. வானில் புரியாத ஒளி ஒன்றைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தேவைப்படுவது கடிகாரம், திசை, உயரம் ஆகிய மூன்றின் குறிப்புதான்.

கண் எங்கே தடுமாறுகிறது?

இருண்ட வானில் தனியாக நிற்கும் ஒளிப்புள்ளியின் தூரத்தைக் கணிக்க மனிதக் கண்ணுக்கு வழியே இல்லை. இரண்டு கண்களின் பார்வை வேறுபாட்டை வைத்து மூளை தூரம் அறிவது அருகில் உள்ள பொருள்களுக்கு மட்டுமே உதவும். அதற்கு அப்பால் மரம், வீடு, மலை என்று பழகிய அளவுகளோடு ஒப்பிட்டே தூரத்தை ஊகிக்கிறோம். வெறும் வானில் ஒப்பிட எதுவுமில்லை. அதனால் ஐநூறு மீட்டரில் நிற்கும் விளக்கும் பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கோளும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

அசைவு விஷயத்திலும் இதே சிக்கல். துருக்கியில் பிறந்த உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 1935-இல் வெளியிட்ட ஆய்வில், இருட்டறையில் அசையாத ஒளிப்புள்ளி ஒன்றைக் காட்டி அது எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டார். புள்ளி நகரவே இல்லை. ஆனாலும் பார்த்தவர்கள் அளவு சொன்னார்கள். குழுவாக உட்கார்ந்து பார்த்தபோது ஒருவர் சொன்ன அளவை ஒட்டியே மற்றவர்களின் அளவும் வந்து சேர்ந்தது. மொட்டை மாடியில் பத்துப் பேர் கூடி ஒரு வெளிச்சத்தைப் பார்க்கும்போது, “அதோ நகருது” என்று ஒருவர் சொன்னதும் மற்ற ஒன்பது பேருக்கும் அது நகர்வதற்குக் காரணம் இதுதான். யாரும் பொய் சொல்லவில்லை.

காரில் போகும்போது அந்த ஒளி கூடவே துரத்தி வருவதாகத் தோன்றுவதும் தூரத்தால் வரும் விளைவு. சாலையோர மரங்கள் பின்னால் ஓட, வெள்ளி மட்டும் ஜன்னலில் அதே இடத்தில் நிற்கும்.

போதாக்குறைக்குச் செல்போன் கேமரா. வெள்ளியைப் பெரிதாக்கிப் படம் எடுத்தால் கேமராவுக்குக் குவியம் கிடைக்காது. ஒளிப்புள்ளி ஊதிப் பெருத்து வட்டத்தட்டாகும். காற்றின் கலக்கத்தில் அந்தத் தட்டின் ஓரங்கள் துடிக்கும், உள்ளே வண்ணங்கள் ஓடும். ‘பறக்கும் தட்டு’ என்று பரப்பப்படும் காணொளிகளில் கணிசமானவை இப்படி உருவானவை.

பயிற்சி பெற்ற கண்ணும் தப்புவதில்லை. 2011 ஜனவரி 14 அதிகாலையில் டொரன்டோவிலிருந்து சூரிச்சுக்கு அட்லாண்டிக் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது ஏர் கனடாவின் போயிங் 767. துணை விமானி அனுமதிக்கப்பட்ட ஓய்வில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கி, அப்போதுதான் விழித்திருந்தார். எதிரே அமெரிக்க விமானப் படையின் சி-17 விமானம் ஒன்று ஆயிரம் அடி கீழே வருகிறது என்று கேப்டன் சொன்னார். துணை விமானியின் கண்ணில் முதலில் பட்டது வெள்ளிக் கோள். அதையே எதிரே வரும் விமானம் என்று எண்ணினார். அது வெள்ளி, விமானம் கீழே இருக்கிறது என்று தெளிவுபடுத்தியபோது உண்மையான விமானத்தின் விளக்கைக் கண்டார். அது நேராகத் தங்கள் மேல் மோத வருவதாக நினைத்து விமானத்தைக் கீழே அழுத்திவிட்டார். கேப்டன் உடனே மேலே இழுத்தார். சில நொடிகள்தான். இருக்கை வார் அணியாதிருந்த பயணிகள் தூக்கி எறியப்பட்டார்கள். 14 பயணிகளும் 2 பணியாளர்களும் காயமடைந்ததாகக் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் அளித்த அறிக்கை சொல்கிறது. தூக்கக் கலக்கத்தில் இருந்த மூளையைத்தான் அந்த அறிக்கை முதன்மையாகக் குறிப்பிட்டது.

மாடியில் நின்று செய்யும் சோதனை

மாலையில் சூரியன் இறங்கிய பக்கத்தில், மற்ற நட்சத்திரம் எதுவும் தோன்றும் முன்பே, கண்ணைப் பறிக்கும் வெண்ணிற ஒளி நின்றால் அது பெரும்பாலும் வெள்ளி. அதன் மேல் போர்த்தியிருக்கும் கந்தக அமில மேகங்கள் தம்மீது விழும் சூரிய ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. நன்கு ஒளிரும் காலத்தில், இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸைவிட அது பதினைந்து மடங்குக்கு மேல் பிரகாசம். நிலவில்லாத, விளக்குகள் இல்லாத இடத்தில் வெள்ளியின் ஒளியில் நிழலே விழும்.

அது வெள்ளிதானா என்று உறுதி செய்ய எளிய கணக்கு ஒன்று உண்டு. வெள்ளி சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் விலகாது. கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால், அந்த முட்டியின் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். மறையும் சூரியனிலிருந்து ஐந்து முட்டிக்கு மேல் தள்ளி இருந்தால் அது வெள்ளி இல்லை. மாலை வேளையில் கிழக்கே தெரிந்தாலும் இல்லை. நடுநிசியில் தமிழ்நாட்டு வானில் வெள்ளி தெரியவே தெரியாது.

அடுத்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். தண்ணீர்த் தொட்டியின் விளிம்போ, தென்னை மட்டையோ, ஆன்டெனா கம்பியோ ஏதாவது ஒன்றுக்கு நேராக ஒளி வரும்படி ஓரிடத்தில் நிற்க வேண்டும். நின்ற இடத்தைக் கால் வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கால் மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று பார்த்தால், கோளோ நட்சத்திரமோ மேற்கு நோக்கி ஏறக்குறைய 4 பாகை சாய்ந்திருக்கும். மணிக்கு 15 பாகை என்பது பூமி சுழலும் வேகம். துளியும் நகராமல் இருந்தால் அது கோபுர விளக்காகவோ மலை உச்சி விளக்காகவோ இருக்கலாம். ஐந்து நிமிடத்தில் வானையே கடந்துவிட்டால் அது நட்சத்திரமோ கோளோ இல்லை.

கிழக்கிலோ உச்சியிலோ அசையாமல், மினுக்காமல், மஞ்சள் கலந்த வெண்மையில் நிற்பது பெரும்பாலும் வியாழன். மினுக்குவது நட்சத்திரங்களின் இயல்பு. அவை வெறும் புள்ளிகள் என்பதால் காற்றடுக்குகளின் கலக்கம் அந்த ஒளியை எளிதில் ஆட்டிவிடும். கோள்களுக்குச் சிறிதளவேனும் வட்டம் உண்டு. ஆட்டம் அதில் சமனாகிவிடும். இதற்கு நேர்மாறாக, மார்கழி, தை மாத மாலைகளில் கிழக்கே தாழ்வாகச் சிவப்பு, பச்சை, நீலம் என்று வெட்டி வெட்டி ஒளிரும் ஒன்றைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். சிரியஸ்தான் அது. அடிவானத்துக்கு அருகில் காற்றின் தடிமன் அதிகம். அது முப்பட்டகம் போல நிறங்களைப் பிரித்துச் சிதறடிக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே நட்சத்திரம் மேலே ஏறி வெண்மையாக நிற்கும்.

நகரும் ஒளிகளில் அழகானது சர்வதேச விண்வெளி நிலையம். சத்தமில்லாமல், சிமிட்டாமல், பெரும்பாலும் மேற்குப் பக்கமிருந்து கிழக்காக ஐந்தாறு நிமிடத்தில் வானைக் கடக்கும். தரையில் இருட்டிவிட்டாலும் 400 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கிறது; அந்த வெயிலைத்தான் அது நம் பக்கம் திருப்புகிறது. சில நாள் நடுவானில் போகும்போதே மங்கி இல்லாமல் போகும். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். 2025 ஜூன், ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கே தங்கியிருந்தபோது, தலைக்கு மேலே போகும் அந்தப் புள்ளிக்குள் நம் நாட்டவர் ஒருவர் இருந்தார். அது எப்போது எந்தத் திசையில் வரும் என்பதை நாசாவே ஊர்வாரியாக அறிவிக்கிறது.

ஒரே கோட்டில் மணி கோத்ததுபோல் இருபது, நாற்பது புள்ளிகள் போனால் அவை ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்தில் அவற்றின் முதல் 60 செயற்கைக்கோள்கள் ஒரே ராக்கெட்டில் ஏறின. ஏவிய சில நாட்கள் வரை வரிசையாகப் போய், பிறகு உயரம் ஏறி விலகி மங்கிவிடும்.

ராக்கெட் தரும் காட்சி இவை எல்லாவற்றையும்விட மிரட்டக்கூடியது. 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் வானில் விளக்குக்கூம்பு போன்ற ஓர் ஒளி ஏறியது. ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து அன்று மாலை அக்னி-5 ஏவுகணை சோதிக்கப்பட்டிருந்தது. சூரியன் மறைந்த பின் ஏறியதால், உயரத்தில் புகை மட்டும் வெயிலில் பளிச்சிட்டது. தமிழ்நாட்டுக்கு இது இனி பழக்கமாகிவிடும். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டுகளைச் சென்னைவாசிகள் மாடியிலிருந்து பார்த்து வருகிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம் இயங்கத் தொடங்கினால், தென்மாவட்ட அந்திகளிலும் அந்தக் காட்சி வரும். ஏவும் நாளும் நேரமும் முன்கூட்டியே ஊர் ஊராகச் சொல்லப்பட்டால் வீண் பயம் இருக்காது.

அதே 2022, ஏப்ரல் 2. மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் இரவு எட்டு மணிக்குச் சற்று முன்பு தீப்பிழம்புகள் ஒரே திசையில் வரிசையாகப் பறந்தன. எரிகல் ஓரிரு நொடியில் அணைந்துவிடும். இது நிதானமாக, துண்டு துண்டாக உடைந்துகொண்டே போனது. 2021 பிப்ரவரியில் ஏவப்பட்ட சீன ராக்கெட்டின் மூன்றாம் கட்டம் காற்று மண்டலத்துக்குள் திரும்பி விழுகிறது என்று வானியற்பியலாளர் ஜொனாதன் மெக்டவல் உடனே கணித்துச் சொன்னார். சந்திரபூர் மாவட்டத்தின் லாட்போரி கிராமத்தில் சுமார் மூன்று மீட்டர் விட்டமுள்ள உலோக வளையம் வந்து விழுந்து கிடந்தது.

இவ்வளவு தகவல் கையிலிருந்தும் 2024 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் நடந்ததைப் பாருங்கள். இரவு வானில் மர்ம ட்ரோன்கள் என்று ஒரே களேபரம். எஃப்.பி.ஐ.க்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தகவல்கள் வந்தன. மேற்கொண்டு விசாரிக்கத் தகுந்தவை ஏறத்தாழ நூறுதான். மக்கள் கண்டவை சட்டப்படி பறக்கும் ட்ரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள், ட்ரோன் என்று தவறாக எண்ணப்பட்ட நட்சத்திரங்கள் என்று அரசு அமைப்புகள் டிசம்பர் 16 அன்று கூட்டாக அறிவித்தன. மேரிலாந்து மாநில முன்னாள் ஆளுநர் லாரி ஹோகன் தன் வீட்டுக்கு மேலே பல ட்ரோன்களைக் கண்டதாக வெளியிட்ட காணொளியில் இருந்தது ஓரையன் விண்மீன் கூட்டம். மார்கழி மாதத்தில் நம் ஊர் வானிலும் தவறாமல் எழும் அதே கூட்டம்.

வானத்தோடு இருந்த பழக்கம் விட்டுப்போனதுதான் இதற்கெல்லாம் அடிப்படை. திருப்பாவையில் ஆண்டாள், வெள்ளி எழுந்ததையும் வியாழன் அடங்கியதையும் ஒரே மூச்சில் சொல்லித் தோழியை எழுப்புகிறாள். மார்கழி விடியலில் இரண்டும் இப்படி எதிரெதிரே வருவது எல்லா ஆண்டும் நடப்பதில்லை. அதை வைத்தே பாடலின் காலத்தை கி.பி. 731 என்று கணித்தார் தமிழறிஞர் மு. இராகவையங்கார். அந்தக் கணிப்பை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் 2012 டிசம்பரில் லடாக் வீரர்கள் பார்த்ததும் இதே காட்சிதான்: கிழக்கே வெள்ளி எழ, மேற்கே வியாழன் சாய்ந்துகொண்டிருந்தது. குளிரில் குளத்துக்குப் போன பெண்களுக்கு அடையாளம் தெரிந்த இரண்டு ஒளிகளை, இன்று ரேடார் வைத்துத் தேடவேண்டி வந்திருக்கிறது.

லடாக் புதிரை அவிழ்த்த நிறுவனத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகமும், 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் ஆய்வகமும் வளர்ந்து உருமாறியதே இன்றைய இந்திய வானியற்பியல் நிறுவனம். அந்தச் சென்னை ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பொதுமக்கள் அஞ்சாமல் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறுநூல் எழுதி வெளியிட்டார். ஹான்லே சுற்றுவட்டாரத்தை 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்து, ஊர் மக்களுக்கே தொலைநோக்கி கொடுத்துப் பயிற்றுவித்திருப்பது அந்த வேலையின் தொடர்ச்சி. தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு பள்ளி மாடியில் மாதம் ஒரு மாலை இதைச் செய்ய முடியும். நல்ல பைனாகுலர் ஒன்று போதும். மாலைக் காலம் முடியப்போகும் நாட்களில் வெள்ளி பிறைபோல் தேய்ந்து தெரிவதை அதிலேயே காணலாம்.

எல்லாவற்றுக்கும் ‘வெள்ளி’ என்று சொல்லி முடித்துவிடுவதும் ஆபத்தானது. 1948 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கி வானில் தெரிந்த ஒரு பொருளைத் துரத்திப் போர் விமானத்தில் மேலே மேலே ஏறிய தாமஸ் மான்டெல் விபத்தில் இறந்தார். அவர் துரத்தியது வெள்ளி என்று முதலில் சொல்லப்பட்டது. பட்டப்பகலில் அவ்வளவு பெரிதாக வெள்ளி தெரியாது. ‘ஸ்கைஹூக்’ என்ற, அப்போது ரகசியமாக இருந்த ராட்சத பலூனாக இருக்கலாம் என்பதே பின்னாளில் பொருத்தமான விளக்கமாக நின்றது. அமெரிக்க விமானப் படை 1969 வரை திரட்டிய 12,618 புகார்களில் 701-க்கு விடை கிடைக்கவில்லை என்று அதுவே எழுதிவைத்தது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் இந்த வேலையின் நேர்மையைச் சேர்ந்தது.

பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் அனுபவத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1969-இல் ஜார்ஜியா மாநிலத்தின் லியரி என்ற சிற்றூரில், ஒரு கூட்டம் தொடங்கக் காத்திருந்தபோது, மேற்கு வானில் விசித்திர ஒளி ஒன்றைப் பத்துப் பன்னிரண்டு பேரோடு சேர்ந்து அவர் பார்த்தார். 1973-இல் ஆளுநராக இருந்தபோது அதைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தார்: மாலை 7.15 மணி, ஏறத்தாழ 30 பாகை உயரம், பத்துப் பன்னிரண்டு நிமிடம், நீலமாகவும் பிறகு சிவப்பாகவும் நிறம் மாறியது. மாதத்தை அக்டோபர் என்று குறிப்பிட்டிருந்தார். அந்தக் கூட்டம் உண்மையில் ஜனவரி 6 அன்று நடந்தது என்று ராபர்ட் ஷீஃபர் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்து, அன்று மேற்கே வெள்ளி நின்றதைக் கணக்கிட்டுக் காட்டினார். பல ஆண்டுகள் அதுவே விடையாக இருந்தது. 2016-இல் முன்னாள் விமானப் படை அறிவியலாளர் ஜியர் ஜஸ்டஸ் வேறொன்றைச் சொன்னார்: அன்று மாலை ஃப்ளோரிடாவின் எக்லின் தளத்திலிருந்து ஏவிய ராக்கெட் உயரத்தில் பேரியம் ஆவியைக் கக்கியது. பேரியம் மேகம் முதலில் பச்சையும் நீலமுமாக ஒளிர்ந்து, சூரிய ஒளியில் மின்னேற்றம் பெறப் பெற ஊதாவும் சிவப்புமாக மாறும். வெள்ளி பத்து நிமிடத்தில் அப்படி நிறம் மாறாது. கார்ட்டர் எழுதிய நேரமும் உயரமும் நிறமும் அந்த மேகத்தோடுதான் அதிகம் பொருந்துகின்றன.